பெல்ட்டின் மேல் விழும் பழி

கியர் இல்லாத பழைய ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் சத்தம் கேட்டால், தெருமுனைப் பட்டறைக்காரர் முதல் வண்டித் தரகர் வரை சொல்லும் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, “பெல்ட் போயிடுச்சு.” மற்றது, “வீல் பேரிங் போயிடுச்சு.” முதல் நோய்க்கு மருந்தாகப் பெல்ட், ரோலர், ஸ்லைடர் எல்லாம் அடங்கிய ஒரு கிட் கடையில் தயாராக இருக்கிறது. வண்டியை விற்பவருக்கும் இது வசதியான தீர்ப்பு. “பெல்ட் மட்டும் மாத்திக்குங்க, மத்தபடி கண்டிஷன் வண்டி” என்று சொல்லி, விலையில் சில நூறு ரூபாயைத் தள்ளிக்கொடுத்துப் பேரத்தை முடித்துவிடலாம். இவ்வளவு பேர் இவ்வளவு காலமாகச் சொல்லிவரும் இந்த இரண்டு காரணங்களுமே வண்டியின் அமைப்போடு ஒட்டாதவை. தேய்ந்த பெல்ட் சத்தம் போடுவது அபூர்வம். இந்த வகை வண்டிகளின் பின்சக்கரத்தில் பேரிங் என்பதே கிடையாது.

இந்த நம்பிக்கை மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. அங்கே என்ஜினையும் பின்சக்கரத்தையும் இணைப்பது செயின். செயினின் பின்னும் புஷ்ஷும் தேயத் தேய அதன் நீளம் கூடும்; தொய்ந்து, உறையில் அடித்து, கடகடவென்று ஊருக்கே அறிவிக்கும். செயின் சத்தம் போட்டால் செயின் ஸ்பிராக்கெட் செட்டை மாற்று என்பது அங்கே நியாயமான விதி. பின்சக்கரத்தின் நடுவிலும் பேரிங்குகள் உண்டு. அவை தேய்ந்தால் ரீங்காரம் வரும், மாற்றினால் அடங்கும். ஸ்கூட்டருக்கு வந்தபோது செயின் இருந்த இடத்தில் பெல்ட்டை வைத்து அதே விதியைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் ஸ்கூட்டர் செயினை விலக்கி உருவான வண்டி. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் கொண்டுவந்த வெஸ்பாவை வடிவமைத்த கொரடினோ தஸ்கானியோ அடிப்படையில் விமானப் பொறியாளர். என்ஜினைப் பின்சக்கரத்தை ஒட்டியே வைத்து, கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டின் நுனியிலேயே சக்கரத்தை அவர் மாட்டினார். பஜாஜ் சேட்டக்கும் அந்த வம்சம்தான். (லாம்பிரெட்டா மூடிய உறைக்குள் ஒரு செயினை வைத்துக்கொண்டது; அது வேறு கிளை.) சேட்டக்கைப் பிரித்துப் பழகிய பழைய மெக்கானிக்குகளுக்குப் பின்சக்கரத்தில் தனி பேரிங் இல்லை என்பது கைப்பாடமாகத் தெரியும். 1984இல் வந்த கைனெடிக் ஹோண்டா கியர் மாற்றும் வேலையை ஒரு பெல்ட்டிடம் ஒப்படைத்தது. 2000-ஐ ஒட்டி ஆக்டிவா, 2007இல் சுசுகி ஆக்சஸ், 2013இல் டிவிஎஸ் ஜூப்பிட்டர் என்று வரிசை நீண்டபோதும் பெல்ட்டுக்குப் பின்னால் இருப்பது கியர்பெட்டி, அதன் தண்டில் சக்கரம் என்ற ஏற்பாடு மாறவில்லை. தொழிலுக்குப் புதிதாக வந்த தலைமுறை பைக்கில் பழகிவிட்டு ஸ்கூட்டருக்கு வந்ததால், சேட்டக் காலத்து அறிவு இடையில் கைநழுவியது.

வாதத்துக்கு இறங்கும் முன் உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஆக்டிவா போன்ற வண்டியில் என்ஜின், பெல்ட் உறை, கியர்பெட்டி மூன்றும் ஒரே கட்டி. முன்பக்கம் ரப்பர் புஷ் பதித்த ஒரு ஹேங்கரிலும், பின்பக்கம் ஷாக் அப்சார்பரிலும் அந்தக் கட்டி தொங்குகிறது. பள்ளத்தில் இறங்கும்போது கட்டி முழுவதும் ஊஞ்சல்போல ஏறி இறங்கும். இடப்பக்க உறைக்குள் முன்னால், கிராங்கின் நுனியில், வேரியேட்டர். அதற்குள் ஆறு ரோலர்கள். பின்னால் ஸ்பிரிங் சுருள் அழுத்திப் பிடித்திருக்கும் பின்புல்லி. இரண்டையும் சுற்றிப் பெல்ட். பின்புல்லியோடு சேர்ந்து சுழலும் கிளட்ச் ஷூக்கள், வேகம் கூடும்போது வெளியே விரிந்து, கிண்ணம் போன்ற கிளட்ச் அவுட்டரைப் பற்றும். அவுட்டர் சுழன்றால் கியர்பெட்டிக்குள் போகும் தண்டு சுழலும். அங்கே இரண்டு கட்டமாக வேகம் குறைக்கப்பட்டு, கடைசித் தண்டின் பல்வரிசையில் ஏறி உட்கார்ந்திருக்கும் சக்கரம் சுழலும். சக்கரத்தைத் தாங்கும் பேரிங்குகள் எல்லாம் கியர்பெட்டியின் சுவரில் இருக்கின்றன. பெரிய ஸ்கூட்டர்கள் சிலவற்றில் மட்டும் சக்கரத்தின் வலப்பக்கம் ஒரு தாங்குகரமும் அதில் ஒரு பேரிங்கும் இருக்கும்.

இனி பெல்ட். அது ரப்பர், நூலிழை, உட்புறப் பற்கள். இரண்டு சரிவான தட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நசுங்கி ஓடுவதால் அது தேய்வதும் பக்கவாட்டில்தான். செயின் தேய்ந்தால் நீளும். பெல்ட் தேய்ந்தால் ஒடுங்கும். ஒடுங்கிய பெல்ட் புல்லியின் அடியில் இன்னும் ஆழமாக இறங்கி உட்காரும். தொய்வு விழாது, ஏனென்றால் பின்புல்லியின் சுருள் அந்த இடைவெளியை அப்போதைக்கப்போது எடுத்துக்கொள்கிறது. எனவே தேய்ந்த பெல்ட்டின் அறிகுறி காதுக்கு எட்டாது. என்ஜின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறாதது, மேட்டில் திணறுவது, முன்பு எட்டிய உச்ச வேகத்தை இப்போது எட்டாதது ஆகியவையே அதன் அடையாளங்கள். உறையைத் திறந்தால் அகலத்தை வெர்னியரால் அளந்து, அந்த மாடலின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடலாம். உட்பற்களின் அடியில் வெடிப்பு ஓடுகிறதா என்று வளைத்துப் பார்க்கலாம். பெல்ட் சத்தம் போடும் இடங்களும் உண்டு: எண்ணெய் சீல் கசிந்து பெல்ட் நனைந்தால் வழுக்கிக் கீச்சிடும், நூல் பிரிந்துவிட்டால் பிசிறு உறையில் அடிக்கும். இரண்டும் திறந்ததும் கண்ணில் படும். எண்ணெயில் நனைந்த பெல்ட்டை மாற்றிவிட்டுச் சீலை விட்டுவைப்பவர், புதுப் பெல்ட்டையும் அதே எண்ணெயில் குளிப்பாட்டுகிறார்.

சத்தம் கேட்கும் இடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் வேறொரு கோளாறும் இருக்கிறது. பின்பக்கக் கட்டி முழுவதும் அலுமினிய வார்ப்பு. ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் கேட்கும். அதன் இடப்பக்கத்தை மூடியிருக்கும் நீண்ட உறை மெல்லிய தகடு, கிட்டத்தட்ட ஒரு மேளத்தின் தோல். வால்வின் டப்பட் சத்தம், கேம் செயினின் சலசலப்பு, வலப்பக்கம் சைலன்சர் கேஸ்கெட் கசியும் ‘பட்பட்’ எல்லாமே சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னாலிருந்துதான் வரும். அதிலும் இடப்பக்க உறையிலிருந்து வருவதாகவே தோன்றும். அந்த உறைக்குள் பெல்ட் இருப்பதால் பழி பெல்ட்டுக்கு. ஆகவே ‘எங்கே கேட்கிறது’ என்பது இரண்டாவது கேள்வி. ‘எப்போது கேட்கிறது’ என்பதே முதல் கேள்வி. ஒவ்வொரு நிலையிலும் எந்த உறுப்பு சுழல்கிறது, எது நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட சந்தேக நபர்கள் உறையைத் திறக்காமலேயே விடுதலை ஆகிவிடுவார்கள்.

வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும் நிலை முதலாவது. இப்போது கிராங்க், வேரியேட்டர், பெல்ட், பின்புல்லி, கிளட்ச் ஷூக்கள் சுழல்கின்றன. கிளட்ச் அவுட்டரும் கியர்பெட்டியும் சக்கரமும் நிற்கின்றன. பழைய வண்டிகளில் அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் சத்தம் இந்த நிலையில்தான் பிறக்கிறது. பின்புல்லி நேராகத் தண்டோடு பிணைக்கப்படவில்லை. ஊசி பேரிங், பால் பேரிங் என்று இரண்டின் மேல் அது தண்டைச் சுற்றி மிதக்கிறது. ஐடிலில் தண்டு நிற்க, புல்லி சுழல்வதால் அந்தப் பேரிங்குகள் வேலை செய்கின்றன. கிளட்ச் முழுமையாகப் பற்றியதும் புல்லியும் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். நடுவில் இருக்கும் பேரிங்குகளுக்கு வேலை இல்லை. அதாவது வண்டி ஓடும்போது ஓய்வெடுத்து, நிற்கும்போது உழைக்கும் விசித்திரமான பேரிங் அது. கிரீஸ் காய்ந்து அது கெட்டுப்போனால் சிக்னலில் நிற்கும்போது ‘கர்ர்’ என்றோ ‘கீச்’ என்றோ சத்தம் வரும், புறப்பட்டதும் மாயமாகும், அடுத்த சிக்னலில் திரும்பி வரும். “ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான் வருது” என்று உரிமையாளர் சொன்ன நொடியில் இந்தப் பேரிங் நினைவுக்கு வர வேண்டும். அதற்குப் பதில் பெல்ட் மாற்றப்படுகிறது. பேரிங் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஐடிலில் சத்தம் போட்டு, வேகம் கூடினால் அடங்கும் இன்னொரு கூட்டம் வேரியேட்டரில் உண்டு. ரோலர்களில் தட்டையாகத் தேய்ந்த முகம் விழுந்திருந்தாலோ, சரிவுத் தட்டின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடர்கள் தளர்ந்திருந்தாலோ கடகடவென்று ஆடும். வேகம் கூடும்போது மையவிலக்கு விசை அவற்றை வெளிப்பக்கமாக அழுத்திப் பிடிப்பதால் ஆட்டம் நிற்கும். இதையும் மேலே சொன்ன பேரிங்கையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஸ்லைடர் சத்தம் என்ஜின் வேகம் ஏற ஏறப் படிப்படியாகக் குறையும். பேரிங் சத்தம் கிளட்ச் பற்றும் அந்தக் கணத்தில் வெட்டினாற்போல நிற்கும். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றின் நுனியை உறையின் முன்கோடியிலும் பின்கோடியிலும் மாறி மாறி வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டால் முன்னா பின்னா என்பது உறுதியாகும். உறையிலேயே மாட்டியிருக்கும் கிக்கர் கியரும் மறக்கப்படும் ஆள். அது முழுவதும் பின்வாங்காமல் சுழலும் பாகத்தை உரசினால் மெல்லிய சரசரப்பு வரும். கிக்கரைக் காலால் லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் குற்றவாளி அதுதான்.

பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் சோதனை இங்கே குறுக்கே வருகிறது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஆக்சிலரேட்டரை முறுக்கி, சக்கரம் காற்றில் சுழல, “கேட்குதா? பெல்ட்தான்” என்பார்கள். இந்தச் சோதனை நல்ல வண்டியையும் நோயாளியாக்கும். சக்கரத்தில் சுமை இல்லாதபோது கியர் பற்கள் தங்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியில் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். பெல்ட்டின் இழுபடாத பக்கம் துடிக்கும். டயரின் எடைச் சமமின்மை வண்டியையே ஆட்டும். சாலையில் ஒருவர் ஏறி ஓட்டும்போது இவற்றில் ஒன்றும் இருக்காது. ஸ்டாண்டில் மட்டும் கேட்டு, சாலையில் கேட்காத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

புறப்படும் கணம் அடுத்த நிலை. 10 முதல் 20 கி.மீ. வேகத்துக்குள் வண்டி உதறி, பின்னால் ‘தடதட’வென்று அதிர்ந்து, பிறகு சீராகிவிட்டால் கிளட்ச் ஷூவின் முகம் கண்ணாடிபோல மெருகேறியிருக்கிறது, அல்லது அவுட்டரின் உட்புறம் சூட்டில் நீலம் பாய்ந்து வடிவம் மாறியிருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடும் நகரத்து வண்டிகளுக்கு இது பொது நோய். தூசியைத் துடைத்து, ஷூவின் முகத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பல நேரம் சரியாகும். இதில் பெல்ட்டுக்குப் பங்கில்லை.

அடுத்த சோதனைக்குக் கருவியும் வேண்டாம், கூலியும் வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைச் சமதரையில் கையால் தள்ளினால் போதும். கிளட்ச் விலகியிருப்பதால் இப்போது பெல்ட், வேரியேட்டர், பின்புல்லி எதுவும் அசையாது. சக்கரம், பிரேக் டிரம், கியர்பெட்டி, கிளட்ச் அவுட்டர் மட்டும் சுழல்கின்றன. தள்ளும்போது சத்தம் வந்தால் பெல்ட் முற்றாக நிரபராதி. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கிட் விற்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. மறுதலை மட்டும் உண்மையல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். தள்ளும்போது சத்தம் இல்லையென்றால் பெல்ட் குற்றவாளி என்றாகாது. கியர்பெட்டியின் ஊளை சுமை ஏறினால் மட்டுமே கேட்பதும் உண்டு. சரிவில் என்ஜினை அணைத்து உருளவிட்டுக் கேட்பது சிலர் வழக்கம். சாவியைத் திருப்பும்போது ஹேண்டில் பூட்டு விழுந்துவிட்டால் விபத்து நிச்சயம். தள்ளுவதே நல்லது.

தள்ளும்போதும் ஓட்டும்போதும் வரும் சத்தத்தின் தாளம் ஒரு கணக்கைத் தருகிறது. ஆக்டிவாவின் 90/100-10 டயரின் விட்டம் விளிம்பின் 254 மி.மீ.யும் இருபுறமும் 90 மி.மீ.யும் சேர்ந்து 434 மி.மீ.; சுற்றளவு ஏறத்தாழ 1.36 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு நான்கு முறை சுற்றும். நான்கு என்பது காதால் எண்ணக்கூடிய வேகம். ‘டக், டக், டக், டக்’ என்று நொடிக்கு நான்கு கேட்டு, வேகத்தைப் பாதியாக்கினால் இரண்டாகக் குறைந்தால், கோளாறு சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது: டயரில் ஏறிய கல் அல்லது ஆணி, வீங்கிய டயர், வட்டம் தவறிய பிரேக் டிரம், கடைசிக் கியரில் உடைந்த ஒரு பல். கியர்பெட்டிக்குள் நுழையும் கிளட்ச் தண்டோ சக்கரத்தைவிட ஒன்பது, பத்து மடங்கு வேகமாகச் சுழல்வது. அதே 20 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு நாற்பது சுற்றை ஒட்டிவிடும். அதை எண்ண முடியாது, அதன் பேரிங் போனால் ரீங்காரமாகத்தான் கேட்கும். என்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 1,700 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 28, வால்வு 14. வண்டி வேகம் மாறினாலும் என்ஜின் வேகத்தோடு மட்டும் மாறும் சத்தம் சக்கரத்துக்கு உறவில்லாதது.

ரீங்காரத்துக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஊளையிட்டு, விட்டால் நின்றுவிடுவது கியர் பல்லின் ஒரு முகம் தேய்ந்ததன் அடையாளம். கொடுத்தாலும் விட்டாலும் தொடர்ந்து, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குவது பேரிங். கியர்களைத் தனித்தனியாக மாற்றக் கூடாது. சென்னை புதுப்பேட்டையில் ஒற்றைக் கியர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, வேறொரு வண்டியில் தேய்ந்து பழகியதைப் பழைய ஜோடியோடு கோத்தால், இல்லாத ஊளையும் வந்து சேரும்.

கியர்பெட்டியின் பெரும்பாலான துன்பங்களுக்குக் காரணம் அதில் ஊற்ற வேண்டிய எண்ணெய். ஆக்டிவா வகையில் அது 120 மில்லி அளவு, ஒரு டீ கிளாஸ். என்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றும் பலர் இப்படி இன்னொரு எண்ணெய் இருப்பதையே அறியாமல் வண்டியை விற்றுவிடுகிறார்கள். வடிகால் போல்ட்டைக் கழற்றி வெள்ளைத் துணியில் நாலு சொட்டு பிடித்தால் கியர்பெட்டியின் சரித்திரமே தெரியும். கறுத்துத் தெளிந்திருந்தால் பழைய எண்ணெய், அவ்வளவுதான். மினுமினுப்புத் துகள் இருந்தால் உலோகம் உதிர்கிறது. பால் விட்ட டீயின் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் சக்கரம் மறைய நீரில் நின்ற வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல; அப்படிப்பட்ட ஒன்று துடைத்துக் கழுவப்பட்டுக் கைமாறி வரலாம். காற்றுப்போக்கியின் வழியே புகுந்த நீர் பேரிங் குண்டுகளில் துருப்புள்ளி வைக்கும். மாதங்கள் கழித்து அது ரீங்காரமாகும். இந்த ரீங்காரத்தை மறைக்க அடர்த்தியான எண்ணெயை ஊற்றி விற்பதும் சந்தையின் பழைய தந்திரம். அடர்த்தி சூட்டில் இளகும் என்பதால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி கேட்பது அவசியம்.

“வீல் பேரிங்” என்ற தீர்ப்பு அரைகுறையாக உண்மையாவது இங்கேதான். கடைசித் தண்டைத் தாங்கும் பேரிங் போனால் சக்கரம் ஆடும், ரீங்காரம் கேட்கும். ஆனால் அதை மாற்றச் சக்கரத்தைக் கழற்றினால் போதாது. கியர்பெட்டியையே பிரிக்க வேண்டும். சொல் தவறினால் வேலையும் செலவும் தவறும். சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்துக் குறுக்காக அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் யாருடையது என்பதுதான் கேள்வி. சக்கரத்தோடு என்ஜின் கட்டி முழுவதும் அசைந்தால் தேய்ந்தது முன்னாலுள்ள ஹேங்கர் புஷ், பேரிங்கில் குறையில்லை. கட்டி அசையாமல், டிரம்முக்கும் பிரேக் தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மட்டும் கூடிக் குறைந்தால் பேரிங். பேரிங் ஆடும் இடத்தில் எண்ணெய் சீலும் நெடுநாள் தாங்காது. பிரேக் டிரம்மின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் சாட்சியம் முழுமையாகிறது.

பழைய வண்டியில் பேரிங்கைவிட ஆபத்தானது ஆக்சில் நட். ட்யூப் டயர் வண்டியில் ஒவ்வொரு பஞ்சருக்கும் சைலன்சரைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை இறக்க வேண்டும். அந்த நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டருக்கும் மேற்பட்ட முறுக்கு தேவை. பஞ்சர் கடையின் குட்டை ஸ்பேனரால் அது கிடைக்காது. நட் தளர்ந்திருந்தால் சக்கரத்தின் உட்பல்லும் தண்டின் வெளிப்பல்லும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது ஒரு ‘டொக்’, விடும்போது ஒரு ‘டொக்’, பிரேக் பிடிக்கும்போது ஒன்று. பெல்ட் இழுக்கிறது என்று இதற்கும் விளக்கம் சொல்லக் கேட்கலாம். நட்டின் மேலிருந்து சக்கரத்தின் மையம்வரை சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கியர் பற்களின் இயல்பான இடைவெளியால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் ஆடும், அதில் தவறில்லை. கோடு உடைந்து, சக்கரப் பகுதி மட்டும் நகர்ந்தால் பல்வரிசை தேய்ந்துவிட்டது. தேய்ந்த பல்வரிசையின் மேல் நட்டை இறுக்குவது தற்காலிக அமைதியைத் தரும். சக்கரம் தண்டில் வழுக்கும் நாளில் வண்டி நடுச்சாலையில் நிற்கும்.

பள்ளத்தில் மட்டும் வரும் சத்தங்கள் எளிய ரகம். ஒற்றை ஷாக் அப்சார்பரின் கீழ்ப்புஷ் தேய்ந்தால் ‘டப்’, ஹேங்கர் புஷ் என்றால் ‘டம்’, சென்டர் ஸ்டாண்டின் சுருள் தளர்ந்தோ ரப்பர் உதிர்ந்தோ போனால் ‘கிளாங்’. நம்பர் பிளேட், மட்கார்டு, சைலன்சரின் வெப்பத்தடுப்புத் தகடு, சீட்டுக்கு அடியில் உருளும் ஸ்பேனர் என்று மீதி எல்லாம் கையால் அழுத்திப் பிடித்தால் நிற்பவை.

பிரேக் பிடித்தால் வருவதும், பிடித்தால் நிற்பதும் பிரேக்குக்கு உரியவை. மழைக்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கீச்சிடுவது டிரம்மின் மெல்லிய துரு, தானே போய்விடும். நாள் முழுவதும் கீச்சிட்டால் ஷூ மெருகேறியிருக்கிறது, இல்லையேல் லைனிங் தீர்ந்து இரும்பு தொடுகிறது. பிரேக்கை விட்ட பின்னும் ‘சர்ர்’ தொடர்ந்து டிரம் சுட்டால், பிரேக் கேம் கிரீஸ் காய்ந்து திரும்பாமல் நிற்கிறது.

இவ்வளவுக்கும் எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: கிட் மாற்றியதும் சத்தம் நின்றுவிடுகிறதே! நிற்கிறது, உண்மைதான். கிட் மாற்ற உறையைத் திறந்தவர் உள்ளே படிந்த கறுப்புத் தூளைக் காற்றடித்து வெளியேற்றுகிறார், பின்புல்லிக்குக் கிரீஸ் வைக்கிறார், ஷூவைத் தேய்க்கிறார், உறை போல்ட்டுகளை இறுக்குகிறார். சத்தத்தை அடக்கியது இந்தச் சில்லறை வேலைகள். புகழ் போவது புதுப் பெல்ட்டுக்கு. பேரிங்கில் வைத்த கிரீஸ் சில வாரங்களில் விலகியதும் பழைய சத்தம் திரும்பும். அப்போது “கிட் டூப்ளிகேட்” என்று இன்னொரு கிட்.

எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டிய பொருள்தானே, முன்கூட்டி மாற்றினால் என்ன நஷ்டம் என்பது அடுத்த வாதம். நஷ்டம் உண்டு. புதுப் பெல்ட்டை மாட்டும்போது பின்புல்லியை விரித்து அதற்குள் ஆழமாக இறக்காவிட்டால், முன்பக்கத் தட்டுகள் பெல்ட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். வேரியேட்டர் நட் இறுகிவிட்டதாகக் கை நம்பும். பெல்ட் தன் இடத்துக்கு இறங்கியதும் நட் தளர்ந்து, கிராங்கின் நுனிப் பல்வரிசை சிதையும். சத்தமில்லாத வண்டியைச் சத்தமுள்ளதாக்க இந்த ஒரு பிழை போதும். ரோலரின் எடை மாறினால் வண்டியின் பிக்கப்பே மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிட்டுக்குக் காசு கொடுத்தவர் கோளாறு தீர்ந்ததாக நினைத்துக்கொண்டு, சிதைந்துவரும் கியர்பெட்டியோடு ஓட்டிக்கொண்டிருப்பார்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் காதை இந்த மறுப்பு குறை சொல்லவில்லை. அந்தக் காது கூர்மையானது. நல்லவர்கள் முதலில் கேட்பதும் “எப்போ வருது?” என்பதுதான். ஆனால் கேட்டுக் கண்டுபிடிப்பதற்குப் பட்டறையில் கூலி கிடையாது. பொருள் மாற்றினால்தான் பில் எழுத முடியும். அரைமணி நேரம் தள்ளியும் ஓட்டியும் பார்த்துவிட்டு “ஸ்டாண்ட் ரப்பர்தான், பத்து ரூபா” என்று சொல்பவருக்கு நாள் ஓடாது. கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி கொடுக்கும் வழக்கம் வந்தால் கிட்டுகளின் விற்பனை குறையும்.

பழைய வண்டி வாங்கும்போது சோதனையின் வரிசை இதுவே, ஒரு சேர்க்கையோடு: என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வாங்குபவர் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்த வண்டியில் கேம் செயினும் டப்பட்டும் அடங்கிக் கிடக்கும். முதலில் தள்ளல், பிறகு குளிர்ந்த ஐடில், பிறகு புறப்பாடு, 20 கி.மீ.யில் தாளம், 40இல் ரீங்காரம், பள்ளம், பிரேக், கடைசியில் வெள்ளைத் துணியில் கியர் எண்ணெய். சைலன்சர் தகடும் ஸ்டாண்டும் பேரத்துக்கு உதவும். கிளட்ச் உதறலும் பின்புல்லி பேரிங்கும் செலவுக் கணக்கில் சேரும், ஆனால் வண்டியை வீடுவரை ஓட்டிப் போகத் தடையில்லை. கடைசித் தண்டில் ஆட்டம், கோடு உடையும் ஆக்சில் நட், நொடிக்கு நான்கு அடிக்கும் கியர்ப்பல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பெல்ட்டைப் பொறுத்தவரை விற்பவரிடம் கேட்க வேண்டியது அது கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்பது. பதில் இல்லையென்றால் உறையைத் திறந்து அகலத்தை அளக்க வேண்டும்.